தாத்தா விட்டுச் செல்லாத நிலம்

இந்த ஆண்டு மலருக்கு ஒரு கருத்துக் கட்டுரை வேண்டும் என்று செயலவை நண்பர்கள் கேட்டபோது, "நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுங்கள் அக்கா, இளைய மாணவர்களுக்குப் பயனாக இருக்கும்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் அவர்கள் கேட்ட அதே வாரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை மறைத்துவிட்டு அறிவுரை எழுதினால் அது பொய்யாகிவிடும். எனவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பருவத்தின் இடையில் கிடைத்த ஒரு வார விடுமுறையில், ஆய்வேட்டின் இரண்டாம் இயலை முடிக்க வேண்டிய நான், வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து மின்விளையாட்டு விளையாடினேன். முதல் மூன்று நாள் பழைய ஆர்கேட் விளையாட்டுகள். அடுத்த நான்கு நாள் ஒரு விவசாய விளையாட்டு.

விளையாட்டுச் சாதனம் என் அறைத்தோழியுடையது. "மண்டை காய்ந்து போயிருக்கிறாய், கொண்டுபோ" என்று கொடுத்தாள். வீட்டில் பாட்டி மட்டும்தான் பகலில் இருப்பார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆக, அந்த ஒரு வாரமும் நான் விளையாட, பாட்டி பக்கத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தார். இந்தக் கட்டுரை அங்கேதான் தொடங்கியது.

தோற்கத்தான் வேண்டும்

முதலில் ஆடியது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்டது. தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் உருவாக்கியது. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 வேற்றுக்கோள் உயிரினங்கள் மேலிருந்து இறங்கி வரும். நாம் கீழே நின்று சுட வேண்டும். அவ்வளவுதான் கதை. சுடச் சுட எதிரிகள் குறைவார்கள். குறையக் குறைய மீதமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். இந்த வேகம் முதலில் திட்டமிடப்பட்டதே அல்ல. அந்தக் காலத்துக் கணினிச் சில்லுக்கு 55 உருவங்களை ஒன்றாக நகர்த்துவது பெரும்பாடு. உருவங்கள் குறைந்தால் அதற்கு வேலை குறையும், மற்றவை விரைவாக நகரும். அதனால் ஆட்டம் சூடுபிடிப்பதைக் கண்ட நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டாராம்.

அடுத்து 1980-இல் வந்த பேக்மேன். மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு பாதையெல்லாம் புள்ளிகளைத் தின்னும். ஒரு கட்டத்தில் 240 சிறிய புள்ளிகள், 4 பெரிய புள்ளிகள். துரத்தி வரும் நான்கு பேய்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ஒன்று பின்னாலேயே வரும். ஒன்று நாம் போகும் இடத்தை முன்கூட்டியே கணித்து மறிக்கும். அப்பேய்களின் குணம் தெரிந்தால் வெகுதூரம் போகலாம். ஆனாலும் 256-ஆம் கட்டத்தில் கணக்கு வைக்கும் எண் நிரம்பிவிட, திரையில் பாதி கந்தலாகிவிடும். அதற்கு மேல் போக வழியில்லை.

பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எத்தன சுட்டாலும் மறுபடி வருதே, எப்பத்தான் முடியும்?" என்று கேட்டார்.

"முடியாது பாட்டி. நாம சாகுற வரைக்கும் வந்துகிட்டே இருக்கும்."

"அப்புறம் எதுக்கு ஆடுற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு மாமா வந்திருந்தார். அவர் பள்ளி நாள்களில் பட்டணத்துக் கடையொன்றில் இந்த இயந்திரங்களின் முன் நின்றவர். பள்ளிக்குக் கொடுத்த இருபது காசை இயந்திரத்தில் போட்டுவிட்டுப் பட்டினியாக வீடு திரும்பியவர். "ரொம்ப நேரம் ஆட விட்டா கடைக்காரனுக்கு எப்படிப் பொழப்பு ஓடும்? சீக்கிரம் தோக்கணும்னுதான் செஞ்சு வச்சிருக்கான். அது தெரிஞ்சுதான் நாங்களும் காசு போட்டோம்" என்று சிரித்தார்.

இதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் பட்டது. பழைய ஆர்கேட் விளையாட்டு, "நீ வெற்றி பெறுவாய்" என்று ஆசை காட்டுவதில்லை. காசைப் போடு, விதியைக் கற்றுக்கொள், உன்னால் முடிந்தவரை நில், பிறகு அடுத்தவருக்கு இடம் விடு. அவ்வளவுதான். சிறு வயது முதல் ஒவ்வொரு தேர்வையும் வாழ்வா சாவா என்று எழுதிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு, தோற்றதும் சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குவது பெரிய பாடம். இந்த மூன்று நாளும் வீண் என்று நான் நினைக்கவில்லை.

மழை பெய்தால் மகிழ்ச்சியா?

நான்காம் நாள் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டைத் தொடங்கினேன். 2016-இல் வெளிவந்தது. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாளாக உழைத்து உருவாக்கியது. ஓவியம், இசை, கதை, நிரல் எல்லாம் அவரே. இதற்கு முன்னோடி 1996-இல் ஜப்பானில் யசுஹிரோ வாடா உருவாக்கிய ஹார்வெஸ்ட் மூன். கிராமத்தில் வளர்ந்து தோக்கியோவுக்கு வேலைக்குப் போன வாடா, தான் விட்டு வந்த ஊரை நினைத்து அதை உருவாக்கினார்.

ஸ்டார்டியூ வேலியின் கதை இப்படித் தொடங்குகிறது. மரணப் படுக்கையில் இருக்கும் தாத்தா பேரப்பிள்ளையிடம் ஓர் உறையைக் கொடுக்கிறார். வாழ்க்கை பாரமாகிப் போகும் நாளில் இதைத் திறந்து பார் என்கிறார். ஆண்டுகள் கழிகின்றன. பெரிய நிறுவனம் ஒன்றில் கணினி முன் அமர்ந்து சலித்துப்போன பேரப்பிள்ளை உறையைத் திறந்தால், உள்ளே தாத்தாவின் பண்ணை நிலத்துப் பத்திரம்!

அந்த நிலத்தில் கையில் 500 பொற்காசுடன் தொடங்குகிறோம். ஊர்த்தலைவர் 15 பார்ஸ்னிப் கிழங்கு விதைகளை இலவசமாகத் தருகிறார். கல் பொறுக்கி, களை வெட்டி, மண்ணைக் கொத்தி, விதைத்து, நீர் ஊற்றினால் நான்கு நாளில் அறுவடை. விளைந்ததை வீட்டு வாசலிலுள்ள பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பணம் வந்திருக்கும். 20 காசு விதை 35 காசாகத் திரும்பி வரும். ஒரு பருவத்துக்கு 28 நாள். விளையாட்டின் ஒரு நாள் நமக்கு ஏறத்தாழ 14 நிமிடம். "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று சொல்லிச் சொல்லியே நான் விடியும்வரை விளையாடினேன். ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுத மனம் வராத எனக்கு, கற்பனைக் கிழங்குக்கு நீர் ஊற்ற அலுக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் என்று நினைக்கிறேன். திரையில் மழை பெய்தது. "அப்பாடா, இன்னிக்கு மழை!" என்று நான் கைதட்டினேன். விளையாட்டில் மழை பெய்தால் நீர் ஊற்றும் வேலை மிச்சம். அந்த நேரத்தில் மீன் பிடிக்கப் போகலாம்.

பாட்டி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "மழைன்னா உனக்குச் சந்தோஷமா?" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையெல்லாம் வழிந்துவிடும். மங்கில் விழுந்த பாலும் மழைநீரோடு சேர்ந்து கெட்டுவிடும். எனவே மழையென்றால் பெரட்டு இல்லை. பெரட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. "ராத்திரி தகரத்துல மழச் சத்தம் கேட்டா ஒங்க தாத்தா எழுந்து உக்காந்துக்குவாரு. தூங்க மாட்டாரு. விடியறதுக்குள்ள நின்னுருமான்னு வாசல்லயே பாத்துக்கிட்டு இருப்பாரு. கடைக் கணக்கு நெஞ்சுல ஓடும்."

மழைச் சத்தத்தைக் கேட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் தலைமுறை நான். அதே சத்தத்தில் என் தாத்தா விழித்திருந்தார் என்பது 22 வயது வரை எனக்குத் தெரியாது.

அதே விளையாட்டில் மரத்தில் பால் எடுக்கும் கருவியும் ஒன்று உண்டு. ஓக் மரத்திலோ மேப்பிள் மரத்திலோ அதை மாட்டிவிட்டுப் போய்விட்டால் போதும். சில நாள் கழித்துப் பிசினோ பாகோ தானாகவே நிறைந்திருக்கும். இதைப் பாட்டியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று.

"தானா ஊறுதா? வெட்ட வேணாமா?"

அன்று மாலை பாட்டி கரண்டியைக் கத்தியாகப் பிடித்துக்கொண்டு, சமையலறைக் கதவை மரமாக்கி, எப்படி வெட்ட வேண்டும் என்று காட்டினார். விடியுமுன் இருட்டிலேயே போய்விட வேண்டும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும். காயம்பட்ட இடம் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும், பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது, கங்காணியிடம் ஏச்சும் கிடைக்கும். வெட்டி முடித்து, பால் வடியும்வரை காத்திருந்து, மறுபடி முதல் மரத்திலிருந்து ஒவ்வொரு மங்காக வாளியில் ஊற்றிக்கொண்டு வர வேண்டும். மங்கில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் உரித்துச் சேர்க்க வேண்டும். பிறகு நிறுவை. பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதித்து எழுதுவது கிராணி. எழுதியதை வாசிக்கத் தெரியாதவர் என் பாட்டி.

விளையாட்டுப் பெட்டி ஒருநாளும் எடையில் தகராறு செய்ததில்லை.

உன் கம்போங் எங்கே?

பாட்டியின் கதையைக் கேட்ட பிறகு எனக்கு விளையாட்டின் முதல் காட்சிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தாத்தா, உறை, நிலப் பத்திரம்.

நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். தோட்டத்தில் இருந்து, தோட்டம் வீடமைப்புப் பகுதியான பிறகு இடம் மாறிய பள்ளி அது. அங்கே எங்களில் யாருக்கும் நிலம் கிடையாது. ஆகவே அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நோன்புப் பெருநாள் விடுமுறை வந்தால் மலாய்த் தோழிகள் 'பாலிக் கம்போங்' என்று ஊருக்குப் புறப்படுவார்கள். தாத்தாவின் டுரியான் தோப்பு, பாட்டி வீட்டுக் கோழிகள், ஆற்றங்கரை என்று கதை கொண்டுவருவார்கள். "உன் கம்போங் எங்கே?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "இந்த விடுமுறைக்கு அங்கே போகவில்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். போக அங்கே என்ன இருக்கிறது? லயம் இருந்த இடத்தில் இணைவீடுகள். பால் மரங்கள் இருந்த இடத்தில் பேரங்காடி. நாங்கள் அங்கே போனால் வாகனம் நிறுத்தக் கட்டணம் கட்ட வேண்டும்.

என் தாத்தா நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டினார். தங்கியிருந்த வீடு தோட்டத்துடையது. வேலை முடிந்தபோது வீடும் முடிந்தது. அவர் உழைத்த மண்ணில் ஒரு சாண்கூட அவர் பெயரில் இல்லை. எனக்கு உறையில் எழுதிக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர்கள் முயலவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1950-களின் இறுதியில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தபோதுதான், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்து, தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க வேண்டும் என்பது திட்டம். நாள் கூலிக்காரனுக்குப் பத்து வெள்ளி என்பது சிறு தொகையா? தாத்தா அதைக் கட்டப்போய் வீட்டில் நடந்த சண்டையைப் பாட்டி இன்றும் மறக்கவில்லை. "அரிசிக்குக் காசில்ல, இவருக்குத் தோட்டம் வாங்கணும்" என்று தான் திட்டியதைச் சொல்லிவிட்டு, "அந்த மனுஷனுக்கு ஆசதான்" என்று முடித்தார்.

என் கருத்து

வெளிநாட்டு இளைஞர் ஒருவர் செய்த விளையாட்டில் நம் கதை இல்லையே என்று குறைப்படுவது என் நோக்கமன்று. பரோனுக்கு நம் வரலாற்றைச் சொல்லும் கடமை இல்லை. வாடா தன் ஊரை நினைத்தார், தன் விளையாட்டைச் செய்தார். ஒருவர் தன் நினைவிலிருந்து உண்மையாக ஒன்றைச் செய்தால், அது கடல் கடந்து, என் வீட்டு வரவேற்பறைவரை வந்து, என் பாட்டியைப் பேச வைக்கிறது. குறை இருந்தால் அது நம்மிடம்தான் இருக்கிறது.

நம் கலை இரவுகளை எண்ணிப் பாருங்கள். தோட்டப்புற நாடகம் இல்லாத ஆண்டு உண்டா? முதலாண்டில் நானும் நடித்தேன். தலையில் துண்டு கட்டி, கையில் கத்தி ஏந்தி, கண்ணீர் விட்டேன். பலத்த கைதட்டல். அந்தக் காணொளியைப் பாட்டியிடம் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவில் கரண்டியால் வெட்டிக் காட்டிய அன்றுதான் கேட்டேன், அன்று ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று. "நீ கத்தியத் தலகீழாப் புடிச்சிருந்த. சொன்னா ஒனக்கு வருத்தமா இருக்குமேன்னு விட்டுட்டேன்" என்றார்.

நாம் தோட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அழவும் செய்கிறோம். ஆனால் அந்த வேலை எப்படி நடந்தது என்று கேட்பதில்லை. கண்ணீரும் ஒரு வகையில் அந்த விவசாய விளையாட்டைப் போலத்தான். உண்மை மழையில் நனையாமலே மனநிறைவைத் தந்துவிடுகிறது. தாத்தா பாட்டியை இரக்கத்துக்கு உரியவர்களாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் இருட்டில் விரலால் அறிந்த தேர்ந்த தொழிலாளர்களாக அவர்களைப் பார்த்ததில்லை.

"பழைய துன்பத்தைக் கிளறி என்ன பயன்? அவர்களே எங்களைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றத்தானே உழைத்தார்கள்? படித்து முன்னேறுவதை விட்டுவிட்டு இது எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். என் தாத்தாவும் நான் கத்தி பிடிக்க வேண்டும் என்று விரும்பியிருக்க மாட்டார். ஆனால் நிலம் வைத்திருந்தவர்களின் நினைவை நிலம் காப்பாற்றும். போய்ப் பார்க்கத் தோப்பு இருக்கும், கிணறு இருக்கும், கல்லறை இருக்கும். நமக்கு அப்படியில்லை. இடம் அழிந்துவிட்டது. மீதமிருப்பது எழுபது, எண்பது வயதைக் கடந்த சிலரின் நினைவும் சொல்லும் மட்டுமே. மங்கு, பெரட்டு, ஒட்டுப்பால் என்ற சொற்களை இந்த மலரைப் படிக்கும் முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேர் விளக்கமின்றிப் புரிந்துகொள்வார்கள்?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டுப் பெரியவரிடம் அவர் செய்த வேலையை அடி முதல் நுனிவரை கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். "கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு எழுவீர்கள்? கத்தியை எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். கஷ்டம் தானாக வரும். மற்றொன்று, நம் பேரவையில் கணினித் துறை மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைபவர்களும் உண்டு. தனியாளாக ஒருவர் ஒரு பண்ணையையே உருவாக்க முடிந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்னத் தோட்டத்தைத் தமிழில் உருவாக்க முடியாதா? அதில் மழை பெய்தால் சம்பளம் போகட்டும். கிராணி எழுதும் கணக்கைக் கவனிக்க வேண்டியிருக்கட்டும். மாதம் பத்து வெள்ளியை அரிசிக்கா பங்குக்கா என்று ஆடுபவர் முடிவெடுக்கட்டும். முடிவெடுத்துப் பார்த்தால்தான் நாற்பது ஆண்டுகள் அப்படி முடிவெடுத்தவர்களின் அறிவு புரியும்.

ஸ்டார்டியூ வேலியில் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து, பேரப்பிள்ளை நிலத்தை எப்படி வைத்திருக்கிறது என்று மதிப்பிடும் என்று அறைத்தோழி சொன்னாள். நான் அதுவரை போகவில்லை. இலையுதிர்காலத்தோடு விடுமுறை முடிந்துவிட்டது. சாதனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பேருந்து ஏறப் புறப்பட்ட காலையில் மழை பெய்தது. பாட்டி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். "ஏழு மணிக்குள்ள விட்டுரும், நீ கெளம்பு" என்றார். ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மழை நின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்க அன்று நேரமில்லை. அடுத்த விடுமுறையில் முதல் கேள்வி அதுதான்.